வேம்பில் அறைந்த பலகை

எங்கள் பேட்டைப் பூங்காவின் வாசலில் இப்போது ஆளுயரப் பலகை ஒன்று நிற்கிறது. பூப் பறிக்கக் கூடாது, புல்தரையில் கால் வைக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, தின்பண்டம் கொண்டுவரக் கூடாது, நாய்களுக்கு அனுமதி இல்லை, மரங்களைப் பாதுகாப்போம். எழுபதுகளில் நான் இங்கே ஓடி விளையாடியபோது பலகை என்று ஒன்றும் கிடையாது. சுழல் கேட்டைத் தள்ளிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். கேட்டுக்கு அடியில் நாய்களும் போய் வந்தன.

அன்றைய பூங்கா என்றால் மணல்தரை, நாலைந்து சிமென்ட் பெஞ்சுகள், நடுவில் ரேடியோ ரூம். சென்னைப் பூங்காக்களில் அப்போதெல்லாம் ஒலிபெருக்கி கட்டி மாலையில் வானொலி வைப்பார்கள். மாநிலச் செய்தி கேட்பதற்கென்றே வெற்றிலைச் செல்லத்தோடு வந்து உட்காரும் பெரியவர்கள் உண்டு. இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், மூன்று வேம்பு, ஒரு நாவல், சுவரோரமாகப் புங்கன். தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அரளிக்கும் குரோட்டன்ஸுக்கும் தண்ணீர் விடுவார். பெரிய மரங்களின் பக்கம் திரும்ப மாட்டார். அவருடைய கவனிப்பு அவற்றுக்குத் தேவையாகவும் இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்கி நான் பார்த்ததில்லை. மணல் குடித்துவிடும், வேர் எடுத்துக்கொள்ளும்.

ரேடியோ ரூம் படிக்கட்டின் நிழலில் நாய்கள் படுத்திருக்கும். அவற்றில் கறுப்பி என்று ஒன்று. வருஷத்துக்கு ஒரு ஈடு குட்டி போடும். சுண்டல்காரர் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போவார். செய்தி கேட்க வருகிறவர்களில் ஒருவர் பொறை பிஸ்கட் வாங்கிவருவார். நாய்க்குச் சோறு போடலாமா கூடாதா என்று அன்று யாரும் சண்டை போட்டதில்லை.

இதைக் கேட்டு அந்தக் காலமே தங்கம் என்று யாராவது உருகுவதற்கு முன்னால் நாய் வண்டியைச் சொல்லியாக வேண்டும். கம்பிக் கூண்டு வைத்த வண்டி. கூட வருகிறவர்கள் கையில் நீளக் கம்பி, அதன் முனையில் சுருக்கு. தெருக்கோடியில் தலை தெரிந்ததும் பையன்கள் “டேய், நாய் வண்டி வருதுடா!” என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கத்தலில் எங்கள் தெருவே மாறிவிடும். கொல்லைக் கதவுகள் திறக்கும். வேறு நாளில் நாயை வாசற்படி ஏறவிடாத மாமிகூட, “உள்ள தள்ளிண்டு வாங்கோடா, சீக்கிரம்” என்பாள். கழுத்தில் பட்டையும் லைசென்ஸ் வில்லையும் இருக்கிற நாயைப் பிடிக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒருமுறை என் அப்பா, கட்டியிருந்த வேட்டியின் கரையைக் கிழித்துக் கறுப்பியின் கழுத்தில் முடிந்துவிட்டு, “இது எங்க நாய்தான்” என்றார். சுருக்கோடு நின்றவர் கரையையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். போய்விட்டார்.

பிடிபட்டவை திரும்பி வரவில்லை. பிடித்துக் கொல்வதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சென்னையின் நாய்க் கொள்கை. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இப்படிப் போயின என்று ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். இத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை என்பதுதான் அவர் சுட்டிக்காட்டியது. ஒரு தெருவின் நாய்களை எடுத்துவிட்டால் அங்கே விழும் எச்சில் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். இருப்பதற்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விட்டால்தான் கூட்டம் மெல்லக் குறையும். இதை ப்ளூ கிராஸ் அறுபதுகளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996-இல்.

நாயைக் கண்டால் பயப்படவும் அன்று காரணம் இருந்தது. கடித்துவிட்டால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. தினம் ஒரு ஊசியாக வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் எதிர்வீட்டுப் பையன் அந்த இரண்டு வாரமும் குனிய முடியாமல் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். இந்தியாவில் அந்த மருந்தை நிறுத்தியது 2004 டிசம்பரில்தான். இப்போது நாலைந்து ஊசி, அதுவும் கையில். ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் போட வேண்டும். கடிபட்டதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவதே முதல் மருந்து. பூங்கா வாசலில் ஒரு பலகைதான் வைக்கலாம் என்றால் நான் எழுதச் சொல்வது இந்த ஒரு வரியைத்தான்.

இன்றைக்கு நாயைச் சுற்றி எவ்வளவோ சட்டம் வந்துவிட்டது. நல்லதுதான் என்கிறேன். 2001-இல் மத்திய அரசின் கருத்தடை விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள். குடியிருப்போர் சங்கமும் உள்ளாட்சியும் சேர்ந்து நாய்களுக்குச் சோறு வைக்க இடம் குறிக்க வேண்டும், அது குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது 2023 விதி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வெறிநோயும் மூர்க்கமும் இல்லாத நாய்களைக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. கண்ட இடத்தில் சோறு போடுவதற்கும் தடை போட்டது. எங்கள் பூங்காவில் இப்போது படுத்திருக்கும் செவலை நாயின் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறது. அறுவை முடிந்ததற்கான அடையாளம். அப்பா முடிந்துவிட்ட வேட்டிக் கரை செய்த வேலையை அந்த வெட்டு செய்கிறது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் வெட்டு இல்லாத காதுகள்தான் ஊரில் அதிகம். 2018-இல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-இல் சுமார் 1.80 லட்சம். கருத்தடை என்ற வழியைத் தேர்ந்தெடுத்த ஊர், அதைப் போதிய வேகத்தில் செய்யவில்லை. நாய்க்குப் பரிந்து பேசுகிறவர்களும் நாயை விரட்டச் சொல்கிறவர்களும் கைகோத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கள் வார்டில் இந்த மாதம் எத்தனை அறுவை நடந்தது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் இரண்டு தரப்பும் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பூங்காவில் நாய் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது 2024 மே 5. ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலைப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை பூங்காவுக்கு விளையாட வந்தவள் அல்ல. அங்கேயே குடியிருந்த காவலாளியின் மகள். பூங்காதான் அவளுக்கு வீட்டு வாசல். தடுக்க ஓடிவந்த தாய்க்கும் காயம். நாய்களோ தெருவில் திரிந்தவை அல்ல, வீட்டில் வளர்த்தவை. அதற்குப் பிறகுதான் உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, கழுத்தில் கயிறு, வாய்மூடி என்று மாநகராட்சி கண்டிப்புக் காட்டியது. 2025 கடைசியில் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். உரிமத்துக்குக் கட்டணம் 50 ரூபாய்தான். 50 ரூபாய்க்கும் ஒரு ஊசிக்கும் சோம்பல்படுகிறவர் நாய் வளர்க்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

அப்படியானால் பூங்காவில் நாயே கூடாது என்பது சரியா? சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். விலங்கு நல வாரியம் 2015-இல் அனுப்பிய சுற்றறிக்கை, பூங்காவிலிருந்து வளர்ப்பு நாய்களை ஒரேயடியாகத் தடுப்பது தொலைநோக்கு இல்லாத காரியம் என்றும், வேண்டுமானால் அதற்கு நேரம் ஒதுக்கலாம் என்றும் சொன்னது. அந்த வாரியம் 1962-இல் ருக்மிணிதேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையிலேயே இருந்தது. நம் ஊரிலிருந்து போன அறிவுரையை நம் ஊர்ப் பூங்காக்களே கேட்கவில்லை.

தடையால் நடப்பது என்ன என்பதைத் தினமும் பார்க்கிறேன். என் பக்கத்து வீட்டம்மா தன் கிழட்டு நாயை, ஊசி போட்டு, உரிமம் வாங்கி, கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவார். காவலாளி எழுந்து நிற்பார்.

“அம்மா, நாய் உள்ள வரக்கூடாதும்மா.”

“ஓரமா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன் தம்பி. இது யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

“எனக்குத் தெரியும்மா. யாராச்சும் போட்டோ எடுத்துப் போட்டாங்கன்னா என் வேலை போயிடும். நீங்களே சொல்லுங்க.”

அவர் என்ன சொல்வார்! கயிற்றை இழுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்விடுவார், பைக்குகளுக்கு நடுவில். அந்த நேரத்தில் பின்பக்கச் சுவர் இடிந்த இடம் வழியாக நாலைந்து தெருநாய்கள் உள்ளே வந்து ஊஞ்சலுக்கு அடியில் படுத்திருக்கும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

நாய்க்குத் தடை போட்டவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அது மரத்தைக் கெடுக்கிறது என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாயின் சிறுநீரில் யூரியாவும் உப்பும் அதிகம். ஒரே கன்றின் தூரில் நாள் தவறாமல் விழுந்தால் இளம் பட்டை வெந்துபோகும், மண்ணில் உப்பு ஏறும். கன்றைச் சுற்றி முழங்காலளவு மூங்கில் வேலி கட்டினால் போதும். கட்டிப்பிடிக்க முடியாத சுற்றளவுள்ள வேம்பை நாய் ஒன்றும் செய்துவிடாது. அந்த வேம்பைக் கெடுத்தவர்கள் வேறு.

நாய்க்குச் சட்டம் எமனாக இருந்த காலத்தில் நகரத்து மரத்துக்குச் சட்டமே இல்லை, ஆனால் அது நன்றாக இருந்தது. இன்றைக்கு மரத்துக்காக எழுதாத எழுத்தில்லை. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று டெல்லி வழக்கில் உத்தரவிட்டது. சென்னையில் மரத்தில் ஆணியடித்து விளம்பரம் மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை என்று 2019-இல் மாநகராட்சி எச்சரித்தது. 2021-இலிருந்து மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. பொது இடத்து மரத்தை வெட்ட அவற்றிடம் போக வேண்டும். மகாராஷ்டிரம் 1975-இலும் கர்நாடகம் 1976-இலும் டெல்லி 1994-இலும் செய்ததுபோல, நகரத்து மரங்களுக்கென்று தனிச் சட்டம் மட்டும் தமிழ்நாட்டில் இல்லை. 1955-இலேயே ஒரு சட்டம் போட்டோம், அது மலைப்பகுதி மரங்களுக்கு.

எங்கள் பூங்காவைப் பல வருஷங்களுக்கு முன்னால் புதுப்பித்தார்கள். மணலை அள்ளிவிட்டு எட்டு வடிவ நடைபாதை போட்டார்கள். மரங்களைச் சுற்றி வட்டமாகத் திண்ணை கட்டி, உள்ளே சிமென்டை அடிமரத்தோடு ஒட்டப் பூசி, மேலே பளபளக்கும் டைல்ஸ். உட்கார வசதியாகத்தான் இருக்கிறது, நானும் உட்காருகிறேன். ஆனால் வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீரை எடுத்துக்கொடுக்கும் நுண்வேர்கள் மேல்மண்ணில்தான் படர்ந்திருக்கும். அவற்றின் மேல் சிமென்டைப் பூசினால் மழைத்தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடிவிடும், அடியில் மண் இறுகிவிடும். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும், அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அதைத் தெரியவைத்தது. மறுநாள் காலை தூங்குமூஞ்சி மரம் ஒன்று திண்ணையைப் பெயர்த்துக்கொண்டு நடைபாதைக்குக் குறுக்கே கிடந்தது. கிட்டப் போய் வேரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு அடியில் வேர்கள் திண்ணையின் உட்சுவர் வரை வந்து, இடிபட்டு, அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன. நடைபாதைப் பக்கம் இருந்த இரண்டு தடித்த வேர்கள் நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தன. கேபிள் புதைக்கத் தோண்டியபோது நறுக்கியது. வெட்டுவாய் கறுத்துப் பழசாகியிருந்தது. அன்று ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவைதான் விழுந்தன, நாட்டு மரம் நின்றது என்று எல்லோரும் பேசினார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் வேரை வெட்டி, சிமென்ட் பூசி வைத்தால் எந்த நாட்டு மரமும் எத்தனை நாள் தாங்கும்?

நின்றவற்றில் ஒன்று ரேடியோ ரூம் இருந்த இடத்து வேம்பு. ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்ற தகரப் பலகையை முதலில் இந்த வேம்பில்தான் நான்கு ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அதே பலகையின் அடியில் ‘மரம் வளர்ப்போம்’ என்றும் எழுதியிருந்தது. வாசலில் பெரிய பலகை வந்தபின் தகரத்தைக் கழற்றினார்கள், ஆணிகளை விட்டுவிட்டார்கள்.

சென்னையில் 2005-இலிருந்து மரங்களுக்காக வேலை செய்யும் நிழல் அமைப்பினர் கோட்டூர்புரத்தில் ஒரு மரப்பூங்காவையே உருவாக்கியவர்கள். மரத்தில் அடித்த ஆணிகளையும் கம்பிகளையும் எடுப்பதை அவர்கள் ஒரு பணியாகவே செய்கிறார்கள். அதைப் பார்த்து எங்கள் தெருப்பிள்ளைகள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொறடும் பிளவுச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் போனேன். வெளியே தெரிந்தவை அந்த நான்கு ஆணிகள்தான். பட்டையைத் தடவத் தடவக் கைக்கு வேறு தட்டுப்பட்டன: டியூஷன் சென்டர் விளம்பரத்தின் ஆணி, வாடகை வீட்டு அட்டையின் ஸ்டேப்ளர் பின்கள், தீபாவளி சீரியல் பல்பு கட்டிய கம்பி. கம்பியைச் சுற்றி மரம் உதடுபோல் தடித்து அதைப் பாதி விழுங்கியிருந்தது. அதைக் கட்டாயப்படுத்தி இழுக்க வேண்டாம், இழுத்தால் பட்டை கிழியும் என்று ஒரு பெண் சொன்னாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் வெட்டிவிட்டாள்.

பிள்ளைகளில் ஒருவனுக்கு ஒரு சந்தேகம். “பாட்டி, இந்த ஆணி எல்லாம் பழசுன்னா மரம் வளர வளர மேல போயிருக்கணுமே?” போகாது. மரம் உயர்வது நுனியில்தான். அடிமரம் பருக்குமே தவிர மேலே நகராது. நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி நாற்பது வருஷம் கழித்தும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும், ஆழத்துக்கு மட்டும் போயிருக்கும். இலையில் தயாராகும் உணவு பட்டைக்கு உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணி அந்த வழியைக் கிழிக்கிறது. துளை வழியாகப் பூஞ்சை உள்ளே போகிறது. ஓர் ஆணியை மரம் சமாளித்துவிடும். வருஷா வருஷம், அதே நெஞ்சு உயரத்தில், சுற்றிலும் அடித்தால்? பையன் ஒரு ஆணியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று அங்குலம். பாதிக்குமேல் துரு.

போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இவை எல்லாவற்றையும் பேசினோம். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, உரிமமும் ஊசியும் உள்ள நாய்களைக் கயிற்றோடு பின்பக்கப் பாதையில் மட்டும் விடலாம், எச்சத்தை அவரவரே அள்ள வேண்டும், ராட்வைலர் மாதிரி நாய்களுக்கு இடமில்லை என்று நான் கேட்டேன். குழந்தைகளின் தாய்மார் இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் விளக்குக் குழந்தையை அவர்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கும் உரிமை இல்லை. ஊஞ்சல் பக்கம் இடுப்பளவு கம்பிவேலி போட்டு கேட் வைத்த பிறகு யோசிக்கலாம் என்றார்கள். நியாயமான பேச்சு. காவலாளியிடமும் கேட்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. கூப்பிட்டுக் கேட்டோம். “நேரம் எழுதிக் குடுங்க சார், கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பாத்துக்கறேன். எழுத்துல இல்லாததுக்கு நான் யாரண்ட பதில் சொல்றது?” என்றார்.

தெருநாய்களைக் கருத்தடைக்கு எடுத்துப்போகச் சொல்லிப் புகார் எண்ணில் பதிவு செய்தாயிற்று. சோறு வைக்கும் இடம் பழைய பம்ப் ரூமுக்குப் பின்னால் என்று முடிவானது.

சிமென்ட் விஷயத்தில்தான் ஒன்றும் நகரவில்லை. டைல்ஸ் உடைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், செலவு செய்து கட்டியது என்கிறார்கள். திண்ணை அப்படியே இருக்கட்டும், உள்வட்டத்துச் சிமென்டை மட்டும் உடைத்து மண்ணும் சருகும் போடலாம், உட்காருகிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். மழைக்காலத்துக்கு முன்னால் அந்த ஒரு வேம்புக்காவது செய்துவிட வேண்டும். இரண்டு ஆள் கூலி, ஒரு நாள் வேலை, ஒரு மாட்டுவண்டி செம்மண். பணம் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்.